வெடிமருந்துக் கிடங்கில் ஒரு சித்திரக் கண்காட்சி

பெண்ணின் பிரசவத்துக்காக லண்டன் போய்விட்டு வரும் அம்மாக்கள் சொல்லும் கதைகள் உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். அரண்மனை வாசலில் சிப்பாய்கள் மாறுவது, மெழுகு பொம்மைகள், தேம்ஸ் நதி, துவைத்த துணி காயாத கஷ்டம்! நானும் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தவள்தான். அதையெல்லாம் நானும் பார்த்தேன். ஆனால் இப்போது எழுத உட்கார்ந்திருப்பது ஒரு சித்திரக் கண்காட்சியைப் பற்றி. ‘பத்தாவது வரை படித்தவள், காஞ்சிபுரத்தை விட்டால் சென்னை, சென்னையை விட்டால் திருப்பதி என்று இருந்தவள், இவளுக்குச் சித்திரத்தைப் பற்றி என்ன தெரியும்?’ என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்த மட்டும் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் விவரம். லண்டனின் நடுவே கென்ஸிங்டன் கார்டன்ஸ் என்று பெரிய பூங்கா இருக்கிறது. அதற்குள் ஸர்ப்பன்டைன் என்ற சித்திரக்கூடத்துக்கு இரண்டு கட்டடங்கள். ஏரிப் பாலத்துக்குத் தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று. வடக்குக் கட்டடத்தில் 2025 மார்ச் 20 முதல் ஜூலை 27 வரை, தில்லியில் வசிக்கும் அர்பிதா சிங் என்ற அம்மாளின் ஓவியங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி நடந்தது. ‘ரிமெம்பரிங்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நினைவுகூர்தல் என்று சொல்லலாம். ஆரம்பித்தபோது அந்த அம்மாளுக்கு 87 வயது. இந்தியாவுக்கு வெளியே ஒரு பொதுச் சித்திரக்கூடம் அவருக்கென்று தனியாகக் கண்காட்சி வைத்தது அதுதான் முதல் தடவை. எண்பத்தேழு வயதில்! நம் வீடுகளில் அந்த வயதுப் பாட்டியைக் கோயிலுக்குக் கூட்டிப்போகவே நாலு பேர் கூடி யோசிக்கிறோம்.

நாங்கள் அங்கே போனது சித்திரம் பார்க்கும் ஆசையால் அல்ல. என் பெரிய மகளுக்கு ஏப்ரலில் ஆண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். ‘தாயும் சேயும் நலம்’ என்று ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னோம். சேய் நலமாகத்தான் இருந்தது. தாய்தான் மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு மாதிரி ஆகிவிட்டாள். குழந்தை அழுதால் இவளும் அழுவாள். குழந்தை தூங்கினாலும் இவள் தூங்கமாட்டாள். பூண்டுக் குழம்பும் ரசமும் தட்டில் அப்படியே ஆறிப்போய்க் கிடக்கும். சேர்ந்தாற்போல் நாலு நாள் தலை வாரிக்கொள்ளவில்லை. கண்ணாடியில் தன் வயிற்றைப் பார்த்துவிட்டு அழுதாள். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு என்னை எழுப்பி, வெகு நிதானமாகச் சொன்னாள்: “என்னால இந்தக் குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதும்மா. நீ ஊருக்குப் போறப்ப இவனையும் தூக்கிட்டுப் போயிடு.”

அழுதுகொண்டே சொல்லியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அந்த ஊரில் குழந்தை பிறந்த வீட்டுக்கு நர்ஸ் தேடி வருகிறார்கள். வந்த நர்ஸம்மாவிடம் நான் எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் குழந்தையை எடை போட்டு முடித்து, இவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பத்துக் கேள்விகள் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார். போன ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் தன்னையே குறை சொல்லிக்கொண்டாளா, தூக்கம் எப்படி, தன்னையே ஏதாவது செய்துகொள்ளலாம் என்று தோன்றியதா என்ற மாதிரிக் கேள்விகள். எடின்பரோ என்ற ஊரின் பெயரால் 1987-லிருந்து வழங்கிவருகிற கேள்வித்தாளாம் அது. பதில்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் இதைப் பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்றார். வாரம் ஒரு முறை உட்கார்ந்து பேசுவதற்கு ஒருவரை ஏற்பாடு செய்தார். மாத்திரை வேண்டியிருந்தால் பிறகு பார்க்கலாம் என்றார். தினமும் வீட்டை விட்டு வெளியே போ என்றார்.

இதைப் படிக்கும் சகோதரிகளே, ஒரு வார்த்தை. பிள்ளை பெற்றவள் ஒரு வாரம் பத்து நாள் கண் கலங்குவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேல் போனாலும், ‘குழந்தையை வேறு யாராவது வைத்துக்கொள்ளுங்கள்’ என்கிற பேச்சு வந்தாலும், ‘கண் பட்டுவிட்டது’ என்று சுற்றிப்போட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். சுற்றிப்போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வெளியே போ என்றால் எங்கே போவது? கடைக்கென்றால் வரமாட்டாள். தெரிந்தவர்கள் வீட்டுக்கென்றால் கேட்கவே வேண்டாம். மாப்பிள்ளைதான் ஒரு நாள் ஆபீஸிலிருந்து வந்து சொன்னார்: “அத்தை, பூங்காவுக்குள்ள நம்ம தேசத்து ஓவியர் அம்மா ஒருத்தங்களோட கண்காட்சி நடக்குது. டிக்கெட் கிடையாது. நடந்த மாதிரியும் இருக்கும், பார்த்த மாதிரியும் இருக்கும். கூட்டிட்டுப் போறீங்களா?” இவள் சின்ன வயதில் நன்றாகப் படம் போடுவாள். அதை நினைத்துச் சொல்லியிருக்கிறார். இலவசம் என்ற சொல்லும் என் காதில் நன்றாக விழுந்தது என்பதை மறைப்பானேன்!

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஈஸ்ட் ஹாமிலிருந்து கிளம்பி, மைல் எண்டில் ரயில் மாறி, லங்காஸ்டர் கேட்டில் இறங்கினோம். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து நான் தள்ளிக்கொண்டு போனேன். அவள் இரண்டடி பின்னால் வந்தாள். ஒரு பக்கம் நீளமாகத் தண்ணீர், அதில் அன்னமும் வாத்தும். கால் மணி நடை.

அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1805-ல் கட்டியது. நெப்போலியனோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம். வெடிமருந்தைப் பத்திரமாக வைப்பதற்காக, வீடுகளை விட்டுத் தள்ளிப் பூங்காவுக்குள் கட்டியிருக்கிறார்கள். நடுவில் வெடிமருந்து வைத்த இரண்டு நீள அறைகள். தடித்த செங்கல் சுவர், வில்லாக வளைந்த செங்கல் கூரை. அதைச் சுற்றி வெளிக்கட்டு. 1963 வரை ராணுவத்தின் கையில்தான் இருந்ததாம். பிறகு பூங்காக்காரர்கள் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்தார்கள். 2013-ல்தான் சித்திரக்கூடமாக்கினார்கள். பழைய கட்டடத்தைச் செப்பனிட்டு, பக்கத்திலேயே வெள்ளைத் துணியைக் காற்றில் உதறிப் பிடித்த மாதிரி ஒரு கூரையும் போட்டுக் கொடுத்தவர் ஒரு பெண். ஜாஹா ஹதீத் என்று பெயர். பாக்தாத்தில் பிறந்தவர், 2016-ல் காலமானார். வெடிமருந்துக் கிடங்குக்கு இங்கிலீஷில் ‘மாகஸின்’ என்று பெயராம். “நம்ம பத்திரிகைக்கும் அதே பேர்தாம்மா” என்றாள் மகள். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு.

உள்ளே நுழைந்ததும் எனக்கு என்ன தோன்றிற்று தெரியுமா? புடவை!

நான் நெசவு வீட்டில் பிறந்தவள். என் அப்பா பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவர். கிராப் தாளில் கட்டம் கட்டமாகப் பென்சிலால் நிரப்பி, அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போட்டு, ஜக்கார்டு பெட்டியில் ஏற்றுவார்கள். கரைக்குத் தனி, உடலுக்குத் தனி, முந்திக்குத் தனி. அன்னம், மாங்காய், ருத்ராட்சம், யாளி என்று எதுவானாலும் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். இந்த அம்மாளின் பெரிய எண்ணெய்ச் சாயப் படங்களை எட்ட நின்று பார்த்தால், சுற்றிலும் பூவும் இலையுமாகக் கரை ஓடுகிறது. நடுவே உடலில் புட்டா போட்ட மாதிரி சாமான்கள் சிதறிக் கிடக்கின்றன. அன்னமும் மாங்காயும் இருக்க வேண்டிய இடத்தில் கார், ஆகாய விமானம், டீக் கோப்பை, வாத்து, நாற்காலி, துப்பாக்கி, நம்பர்கள், இங்கிலீஷ் எழுத்துக்கள்! ரோஸும் நீலமும் அள்ளிப் பூசியிருக்கிறார். கிட்டப் போனால் சாயம் மேடு மேடாக, தோசைக்கல்லில் மாவு தடவின மாதிரி தடிமனாக நிற்கிறது. தொடக் கூடாது என்று தெரியும், கை பரபரத்தது.

“இவங்க நெசவு தெரிஞ்சவங்களா இருக்கணும்டி” என்றேன். மகள் சுவரில் எழுதியிருந்ததையும் போனில் இருந்ததையும் சேர்த்துப் படித்துச் சொன்னாள். அர்பிதா சிங் 1937-ல் வங்காளத்தில், கல்கத்தாவை ஒட்டிய பராநகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பா போய்விட்டார். 1946-ல் அம்மாவோடும் சகோதரரோடும் தில்லிக்கு வந்தார். அங்கே பாலிடெக்னிக்கில் 1954-லிருந்து 1959 வரை சித்திரம் படித்திருக்கிறார். பிறகு வேலை பார்த்தது நெசவாளர் சேவை மையத்தில்! எங்கள் காஞ்சிபுரத்திலும் அந்த மையம் உண்டு. டிசைன் விஷயமாக என் அப்பா எத்தனையோ முறை அங்கே போய்வந்திருக்கிறார். லண்டனில், ஒரு வெடிமருந்துக் கிடங்கில், நம் தெருக்காரர் ஒருவரைப் பார்த்த மாதிரி எனக்கு ஆகிவிட்டது.

வங்காளத்தில் காந்தா என்று ஒரு தையல் இருக்கிறது. பழைய புடவைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டு, குழந்தைக்கு விரிப்பும் போர்வையும் செய்வார்கள். புதுத் துணியைவிடப் பழையது மெத்தென்று இருக்கும். நாம் தூளிக்குப் பழைய நூல் புடவையைத் தேடுகிறோமே, அதே காரணம்தான். அந்தத் தையலின் சாயல் இவர் படங்களில் உண்டு என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். விவரம் தெரியாத எனக்கும் தெரிந்தது. தள்ளுவண்டியில் என் பேரன் படுத்திருந்ததும் என் பழைய சுங்குடிப் புடவையை நாலாக மடித்துத் தைத்த விரிப்பின் மேல்தான்.

வண்ணப் படங்களுக்கு நடுவே கறுப்பு வெள்ளையாகச் சில படங்கள் இருந்தன. உருவமே கிடையாது. வெறும் கோடு, புள்ளி, சுரண்டல். ஆட்கள் அவற்றைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். மகள் அங்கேதான் நின்றாள். வெகு நேரம் நின்றாள். ஆரம்பத்தில் ஆட்களையும் சாமான்களையும் வரைந்துகொண்டிருந்த அர்பிதா அம்மாள், 1970-களின் நடுவில் அதையெல்லாம் விட்டுவிட்டு ஏழெட்டு வருஷம் இப்படிக் கோடும் புள்ளியுமாகவே போட்டிருக்கிறார். மேலே போக வழி தெரியாதபோது, கையை மறுபடி முதலிலிருந்து பழக்குவதற்காக. அதன் பிறகுதான் இந்தப் பெண்களும் பூக்களும் விமானங்களும் வந்து சேர்ந்தன. ஏழெட்டு வருஷம் என்றால் சும்மாவா! வீட்டில் கணவர் பரம்ஜித் சிங்கும் ஓவியர். 1962-ல் கல்யாணம், 1967-ல் மகள் பிறந்தாள். புள்ளி வைத்துக்கொண்டிருந்த வருஷங்களில் அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகிற குழந்தை. சமையலும் பரீட்சையும் காய்ச்சலும் அந்த வீட்டிலும் இருந்திருக்கும்தானே?

“தாத்தாவோட கிராப் தாள் மாதிரி இருக்கும்மா” என்றாள் மகள். அவள் சின்னவளாக இருந்தபோது தாத்தா மீந்துபோன தாள்களைக் கொடுப்பார். கட்டத்துக்குள் பென்சிலால் நிரப்பிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். கம்ப்யூட்டர் படிப்பு, வேலை, கல்யாணம் என்று ஆனதில் எல்லாம் நின்றுவிட்டது.

இன்னொரு சங்கதி. எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். இந்த அம்மாள் ஆடையில்லாத பெண்களை வரைந்திருக்கிறார். சினிமா சுவரொட்டியில் வருகிற மாதிரியான பெண்கள் அல்ல. நம் வயதுப் பெண்கள், நமக்கு மூத்தவர்கள். தளர்ந்த மார்பு, மடிப்பு விழுந்த வயிறு, தடித்த கால். யாரையும் கவர வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், குளித்துவிட்டு வந்து ஏதோ யோசனையில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருக்கிறார்கள். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் வேறு நின்றார். அவரோ சாமி கும்பிடுகிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். வயிற்றின் அந்த மடிப்பை எவ்வளவு பொறுமையாக, கோடு கோடாக வரைந்திருக்கிறார்! மூன்று பிள்ளை பெற்ற என் வயிற்றை நான்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. தன் மேல்கோட்டுப் பொத்தானைக் கழற்றி விட்டுக்கொண்டாள். அதுவரை வயிறு தெரியக் கூடாதென்று ஜூன் மாத வெயிலிலும் கழுத்து வரை பூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

அப்போது பார்த்துப் பேரன் விழித்துக்கொண்டான். அந்தச் செங்கல் கூரைக்கு அவன் குரல் கணீரென்று எதிரொலித்தது. எல்லோரும் திரும்பிப் பார்க்க, இவள் முகம் பழையபடி இருண்டது. “போயிடலாம்மா, நான்தான் வேணாம்னு சொன்னேனே” என்றாள். காவலுக்கு நின்றிருந்த பெண் வேகமாக வந்தாள். வெளியே போகச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து சுவரோரமாகப் போட்டு, ‘இங்கேயே கொடுக்கலாம்’ என்று சைகை காட்டிவிட்டுப் போனாள். அந்த ஊரில் பொது இடத்தில் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாயை யாரும் தடுக்கக் கூடாதென்று 2010-லிருந்து சட்டமே இருக்கிறது என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார். சட்டம் இருந்தால் போதுமா, நாற்காலி கொண்டுவந்து போட ஒரு ஆள் வேண்டுமே.

பால் கொடுத்துக்கொண்டு அவள் உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரே இல்லாவிட்டாலும், கழுத்தைத் திருப்பினால் தெரிகிற தூரத்தில் இருந்தது நான் இன்றைக்கும் மறக்காத அந்தப் படம். 1990-ல் வரைந்தது. பெயர் ‘தேவி பிஸ்டல் வாலி’. அதாவது பிஸ்டல்காரி தேவி! வெள்ளைப் புடவை கட்டிய நடுவயது அம்மாள். பல கைகள். ஒரு கையில் துப்பாக்கி, ஒரு கையில் மாம்பழம். காலடியில் கோட்டு சூட்டு போட்ட ஓர் ஆண் கிடக்கிறான். துர்க்கையின் காலடியில் மகிஷன் கிடப்பதை நாம் பார்க்கவில்லையா, அந்தக் கணக்குதான். ஆனால் முகத்தில் ஆங்காரம் கிடையாது. எங்கள் ஊர்க் காமாட்சி ஒரு கையில் கரும்பு வில்லும் ஒரு கையில் மலரம்பும் வைத்திருக்கிறாள். ஏகாம்பரநாதர் கோயிலில் மாமரம்தான் தல விருட்சம். அதனால் எனக்கு இந்த மாம்பழ தேவி அன்னியமாகத் தெரியவில்லை. ‘எனக்கும் பத்துக் கை இருந்தா தேவலை’ என்று நாம் அடுப்படியில் நின்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறோம்! அதைக் கேட்டுவிட்டு வரைந்த மாதிரி இருந்தது.

வெடிமருந்து வைத்திருந்த சுவருக்குள் துப்பாக்கிக்காரியை மாட்டியிருந்தது பொருத்தம்தான். 1980-களிலிருந்து இவர் படங்களில் துப்பாக்கிகள் வர ஆரம்பிக்கின்றன. 1984-ல் தில்லித் தெருக்களில் நடந்த கொலைகளை மறக்க முடியுமா? அன்று இரவு மகள் போனில் இவருடைய வேறு படங்களையும் தேடிக் காட்டினாள். 1993-ல் தன் அம்மாவை வரைந்திருக்கிறார். பெற்ற தாய் வெள்ளைப் புடவையில் பெரிதாக முன்னால் இருக்கிறாள். பின்னால் ஊர் கலவரத்தில் கிடக்கிறது, தெருவில் பிணங்கள். வீட்டுக்குள்ளே இருப்பதும் வெளியே நடப்பதும் இவருக்கு வேறு வேறு அல்ல. டீக் கோப்பையும் துப்பாக்கியும் ஒரே தாம்பாளத்தில்.

எல்லாம் எனக்குப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். 2005-ல் போட்ட பெரிய படம் ஒன்று, ‘மை லாலிபாப் சிட்டி’ என்று தொடங்கும் பெயர். தில்லியின் ரோடு வரைபடம் மாதிரி எழுத்தும் கோடுமாக, கண்ணுக்கு நிற்க இடமில்லை. 2015-ல் போட்ட இன்னொன்றின் பெயரே, கிழிந்த காகிதங்களுக்கும் துண்டுச் சீட்டுகளுக்கும் நடுவே சீதையைத் தேடுவது என்று வருகிறது. பெயர் என்னைப் பிடித்துக்கொண்டது, படம் அவ்வளவாகப் பிடிபடவில்லை. மகளுக்கு நேர்மாறு. அவள் அந்த எழுத்துக்களைக் குனிந்து குனிந்து படித்தாள். குழந்தை என் தோளில் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது.

வெளியே புல்வெளியில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த எலுமிச்சை சாதத்தைப் பிரித்தேன். அவள் போனில் படித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டாள். “என்னடி?” என்றேன். “அவங்க பொண்ணு செத்துட்டாங்கம்மா” என்றாள்.

அஞ்சும் சிங் என்று பெயர். அவரும் ஓவியர். அம்மா, அப்பா, மகள் மூவருமே ஓவியர்கள். புற்றுநோய் வந்து 2020 நவம்பரில் அஞ்சும் இறந்துபோனார். ஐம்பத்து மூன்று வயது. பெற்ற மகளைக் கொடுத்துவிட்டு, நாலு வருஷம் கழித்து, ‘நினைவுகூர்தல்’ என்று பெயர் வைத்து அந்தத் தாய் இத்தனை படங்களை அனுப்பியிருக்கிறார்.

நான் என்ன சொல்வது? எனக்குப் பேச்சு வரவில்லை. இவள் தள்ளுவண்டிக்குள் குனிந்து பேரனின் காலுறையைச் சரி செய்தாள். ஒரு காலுறையை எப்போதும் உதைத்துத் தள்ளிவிடுவான், அதை எப்போதும் நான்தான் மாட்டிவிடுவேன். பிறகு எலுமிச்சை சாதத்தில் இரண்டு கை சாப்பிட்டாள். இன்னும் இரண்டு கை சாப்பிட்டாள். “ஊறுகாய் கொண்டாரலையா?” என்றாள். ஆறு வாரமாக அவள் என்னிடம் எதுவும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில்லை.

சித்திரம் பார்த்தாள், மறுநாளே குணமாகிவிட்டாள் என்று எழுதினால் அது பொய். மறுநாளும் அழுதாள். டாக்டர் ஏற்பாடு செய்த பேச்சு பத்து வாரத்துக்கு மேல் நடந்தது. மாப்பிள்ளை ராத்திரி ஒரு வேளைப் பாலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். இவள் எடுத்து வைத்த பாலைப் பாட்டிலில் கொடுப்பார். அதனால் இவளுக்குச் சேர்ந்தாற்போல் ஐந்து மணி நேரத் தூக்கம் கிடைத்தது. என்னைக் கேட்டால், பாதி மருந்து அந்தத் தூக்கம்தான். இதற்கிடையில் ஒரு நாள் கடைத்தெருவில் கணக்குப் போடும் கட்டம் போட்ட நோட்டு ஒன்றைத் தானாகவே வாங்கினாள். பால் கொடுத்து முடித்ததும் இரண்டு வரிசைக் கட்டம் நிரப்புவாள். என்ன டிசைன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மூடிவிடுவாளோ என்று பயம்.

கண்காட்சி முடிவதற்கு முன் ஜூலையில் இன்னொரு தரம் போனோம். இந்தத் தடவை கூப்பிட்டவள் அவள். மாப்பிள்ளையும் வந்தார். போகும்போது அவள் வண்டியைத் தள்ளினாள், நான் இரண்டடி பின்னால் நடந்தேன். உள்ளே போனதும் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நேரே அந்தக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளிடம் கூட்டிப்போய் நிறுத்திவிட்டாள். அவர் பாவம், நாலு பக்கமும் பார்த்துவிட்டு, “இதுல என்ன பார்க்கணும்?” என்று என்னைத்தான் கேட்டார். “அவளையே கேளுங்க மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டு நான் மாம்பழ தேவியைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஊருக்கு வந்தபின் இவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அர்பிதா சிங்கின் பதினாறு பாகமுள்ள ‘விஷ் ட்ரீம்’ என்ற படம் 2010-ல் ஏலத்தில் சுமார் ஒன்பதரைக் கோடி ரூபாய்க்குப் போனது என்றதும்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். அடுத்த வருஷமே பத்மபூஷண் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லி வைத்தேன்.

இவர் படங்களைப் பார்க்க லண்டன் போக வேண்டியதில்லை. தில்லியில் தேசிய நவீன ஓவியக்கூடத்தில் இருக்கின்றன. தில்லியிலேயே கிரண் நாடார் மியூஸியத்தில் 2019-ல் இவருடைய அறுபது வருஷப் படங்களை வைத்துப் பெரிய கண்காட்சி நடந்திருக்கிறது. நமக்குப் பக்கம் பெங்களூர். அங்கே கஸ்தூர்பா ரோட்டில் 2023-ல் திறந்த, மாப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மியூஸியத்துக்குச் சொந்தமானதுதான் பிஸ்டல்காரி தேவி. எல்லா நாளும் மாட்டி வைத்திருக்க மாட்டார்கள். போன் செய்து கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் மாற்றுத் துணியும், பழைய புடவை ஒன்றும், மறக்காமல் ஊறுகாயும் எடுத்துக்கொள்ளுங்கள்.